எஃப்.ஐ.வி. பூனையைத் தத்தெடுத்தல்: சிங்கப்பூர் மீட்புக் குழுக்களின் சேவை எப்படி?

"எஃப்.ஐ.வி. பாசிட்டிவ். ஒற்றைப் பூனையாக வளர்க்கும் வீடு தேவை." தத்துக்குக் காத்திருக்கும் பூனையின் படத்துக்குக் கீழே இந்த வரி இருந்தால் விசாரிப்பவர்கள் சட்டெனக் குறைந்துவிடுகிறார்கள். படத்தில் இருப்பது பெரும்பாலும் ஐந்தாறு வயதுக் கடுவன். அகன்ற கன்னம், மூக்கில் பழைய தழும்பு, கருத்தடை ஆனதற்கு அடையாளமாக நுனி வெட்டிய இடது காது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக்கின் அடித்தளத்தில் பல ஆண்டு இடத்துக்காகச் சண்டையிட்டு, பட்ட கடிகளோடு எஃப்.ஐ.வி.யையும், அதாவது பூனையின் நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் கிருமியையும், வாங்கிக்கொண்ட பூனை அது.

இப்படியொரு பூனையை ஏற்க முன்வரும் குடும்பத்துக்கு இங்குள்ள மீட்புக் குழுக்களும் காப்பகங்களும் என்ன தருகின்றன, எதை நன்றாகச் செய்கின்றன, எங்கே கோட்டை விடுகின்றன என்பதுதான் இந்த மதிப்புரை. எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தாராளமாகத் தத்தெடுக்கலாம். விளம்பரத்தில் எழுதியிருக்கும் கிருமியைக் கண்டு பயப்படும் நேரத்தில், விளம்பரத்தில் எழுதாத பல்லையும் ஈறையும் பற்றிக் கேளுங்கள். செலவும் அலைச்சலும் அங்கிருந்துதான் வரும்.

கிருமியைப் பற்றி, தேவையான அளவு

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 1986ல் கண்டறியப்பட்ட கிருமி இது. மனிதர்களைத் தாக்கும் எச்.ஐ.வி.க்கு உறவு என்றாலும் மனிதருக்குத் தொற்றாது, நாய்க்கும் தொற்றாது. மடியில் படுக்கவைத்தாலும் நக்கினாலும் கீறினாலும் எஃப்.ஐ.வி. நமக்கு வராது. பூனையிலிருந்து பூனைக்குப் பரவும் முக்கிய வழி, பல் ஆழமாகப் பதியும் கடி. தாயிடமிருந்து குட்டிக்குப் போவது அரிது. ஒரே கிண்ணத்தில் சாப்பிடுவதாலும் ஒரே மணல்தட்டைப் பயன்படுத்துவதாலும் பரவும் வாய்ப்பு மிகக் குறைவு. உடலுக்கு வெளியே அது நெடுநேரம் தாங்காது. சாதாரணச் சவர்க்காரம் போதும், அழிந்துவிடும்.

தொற்றிய பிறகு பல ஆண்டுகள் எந்த அறிகுறியும் இல்லாமல் போகலாம். இக்கிருமி உள்ள பூனைகளில் கணிசமானவை மற்றப் பூனைகளின் ஆயுளை ஒட்டியே வாழ்கின்றன. எதிர்ப்பாற்றல் மெல்லக் குறைவதால் வரும் தொல்லைகள் உண்டு: வாய்ப்புண், ஆறாத தோல் புண், திரும்பத் திரும்ப வரும் சளி, கூடுதலான லிம்ஃபோமா புற்றுநோய் அபாயம். நாம் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டியவை இவை.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். எஃப்.ஐ.வி., எஃப்.இ.எல்.வி., எஃப்.ஐ.பி. என்று மூன்று பெயர்கள் அடிபடும். எஃப்.இ.எல்.வி. என்பது பூனை லுக்கீமியா வைரஸ். எச்சில் வழியாக, நக்கிக்கொள்வதாலும் கிண்ணத்தைப் பகிர்வதாலும்கூடப் பரவும். ஆயுளையும் கூடுதலாகப் பாதிக்கும். எஃப்.ஐ.பி. வேறு குடும்பத்தைச் சேர்ந்த கொரோனா கிருமியால் வருவது. தொலைபேசியில் பேசும்போது எந்தப் பெயர் என்று இன்னொரு முறை கேட்டு உறுதிப்படுத்துங்கள். எழுதும்போதே மாறிப்போகும் விஷயம் இது.

எங்கே கேட்பது

சுங்கை தெங்காவில் விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தின் காப்பகம் இருக்கிறது. அதே வட்டாரத்தின் அனிமல் லாட்ஜ் கட்டடத்தில் பல குழுக்கள் இயங்குகின்றன. 1999ல் தொடங்கிய பூனை நலச் சங்கமும் தத்தெடுப்புக்கு வழிகாட்டுகிறது. இவற்றுக்கு வெளியே, சொந்த வீட்டில் இரண்டு மூன்று பூனைகளை வைத்துக்கொண்டு சமூக ஊடகத்தில் படம் போடும் தனி மீட்பாளர்கள் ஏராளம்.

காப்பகங்களில் காகிதங்கள் ஒழுங்காக இருக்கும். தனி மீட்பாளரிடம் காகிதம் கொஞ்சம் சிதறிக் கிடந்தாலும் பூனையின் சுபாவம் அவருக்கு அத்துப்படி: குழந்தை சத்தம் போட்டால் எங்கே ஒளியும், எந்த நேரம் பசிக்கும், வயிற்றைத் தொட்டால் கடிக்குமா. எஃப்.ஐ.வி. பூனைக்குச் சுபாவ விவரம் மிக முக்கியம், ஏனென்றால் சண்டைக்குணம்தான் கிருமியைப் பரப்புகிறது. அதனால் யாரோ ஒருவர் வீட்டில் குறைந்தது ஒரு மாதம் தங்கியிருந்த பூனைக்கே எங்கள் முன்னுரிமை. கூண்டில் அடைந்து கிடக்கும் பூனையை "சாது" என்று எழுதியிருந்தால் முழுதாக நம்ப வேண்டாம். பயந்துபோன பூனையும் சாதுவாகத்தான் தெரியும்.

சோதனைக் காகிதம்: சேவையின் பலவீனமான இடம்

"பாசிட்டிவ்" என்ற ஒற்றைச் சொல்லோடு பல விளம்பரங்கள் நின்றுவிடுகின்றன. அது போதாது. மருந்தகத்தில் செய்யும் வழக்கமான சோதனை, சில சொட்டு ரத்தத்தை ஒரு சிறு பிளாஸ்டிக் கருவியில் விட்டு 10 நிமிடத்தில் நிறப்புள்ளியைப் பார்ப்பது. ஐடெக்ஸ் நிறுவனத்தின் ஸ்னாப் கருவி பலருக்கும் தெரிந்திருக்கும். எஃப்.ஐ.வி.யைப் பொறுத்தவரை அது கிருமியைத் தேடுவதில்லை. கிருமியை எதிர்த்து உடல் உண்டாக்கிய ஆன்டிபாடியைத் தேடுகிறது. தவறுகளெல்லாம் இதிலிருந்து பிறக்கின்றன.

ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிக்குத் தாய்ப்பால் வழியாக வந்த ஆன்டிபாடி இருக்கலாம். அப்போது குட்டிக்குத் தொற்று இல்லாமலேயே புள்ளி தெரியும். இப்படி பாசிட்டிவ் காட்டும் குட்டிகளில் பல, ஆறு மாத வயதுக்குப் பிறகு சோதித்தால் நெகட்டிவ் ஆகிவிடும். "எஃப்.ஐ.வி. குட்டி" என்று முத்திரை குத்தப்பட்டு, தத்துப் போகாமலே கிடந்து, குட்டிப் பருவத்தைக் கூண்டில் தொலைக்கும் பூனைகளை நினைத்தால் மனம் கனக்கிறது. மறுசோதனைத் தேதியைக் கேளுங்கள். முடிந்தால் அந்தச் செலவை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள்.

எதிர்த் திசையிலும் பிழை உண்டு. போன வாரம் கடிபட்ட பூனை இன்று நெகட்டிவ் காட்டலாம், ஏனென்றால் ஆன்டிபாடி உருவாகச் சில வாரங்கள் பிடிக்கும். கடைசிக் கடியிலிருந்து 60 நாள் கழித்து மறுபடி பார்ப்பதே முறை. அரிதாக, எஃப்.ஐ.வி. தடுப்பூசி புழக்கத்தில் இருந்த ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிலிருந்து குடும்பத்தோடு வந்து பிறகு கைவிடப்பட்ட பூனைகளும் தடுப்பூசியால் பாசிட்டிவ் காட்டலாம். அதுபோன்ற சந்தேகம் இருந்தால் கிருமியின் மரபணுவையே தேடும் பி.சி.ஆர். சோதனைக்கு ரத்தம் அனுப்பச் சொல்லலாம்.

ஆகவே காகிதத்தில் இருக்க வேண்டியவை: சோதித்த தேதி, எந்த வகைச் சோதனை, அப்போது பூனையின் வயது, லுக்கீமியா வைரஸ் முடிவு. இந்த நான்கும் ஒரே தாளில் இருந்தால் அந்தக் குழு வேலை தெரிந்த குழு. படம் எடுத்து அனுப்பத் தயங்கினால், பூனை வேறொரு மருத்துவரைப் பார்க்கும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.

வாயைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்

வளர்ந்த பூனைக்கு 30 பல். எஃப்.ஐ.வி. உள்ள பூனைகளில் ஈறும் தொண்டையின் ஓரமும் ரத்தச் சிவப்பாக வீங்கும் வாய்ப்புண் அதிகம். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. அறிகுறிகள் இப்படி இருக்கும்: பசியோடு கிண்ணத்துக்கு ஓடி வரும், ஒரு வாய் எடுக்கும், சீறிக்கொண்டு பின்வாங்கும். எச்சில் ஒழுகும், அதில் இளஞ்சிவப்பு நிறம் தெரியலாம். முன்னங்காலால் வாயைத் தட்டும். உடம்பை நக்கிச் சுத்தம் செய்வதை நிறுத்திவிடும். முதுகு முடி திட்டுத்திட்டாக ஒட்டிக்கொள்ளும். உலர் உணவைத் தொடாமல் குழைந்த உணவு மட்டும் தின்னும். இதைத்தான் சில விளம்பரங்கள் "உணவில் கொஞ்சம் பிகு பண்ணும்" என்று எழுதுகின்றன.

வாய்ப்புண் முற்றிய பூனைக்கு நிலையான வழி, மயக்க மருந்து கொடுத்துப் பல் எக்ஸ்ரே எடுத்து, கடைவாய்ப் பற்களை அல்லது எல்லாப் பற்களையும் பிடுங்குவது. கேட்கக் கொடுமையாக இருக்கும், ஆனால் பெரும்பாலான பூனைகள் இதற்குப் பிறகு நன்றாகத் தேறுகின்றன. பல்லில்லாமலே குழைந்த உணவை வழித்துச் சாப்பிட்டு எடை போடும். எக்ஸ்ரே இல்லாமல் பிடுங்கினால் வேர்த்துண்டு உள்ளே தங்கி, புண் ஆறாமல் தொடரலாம். இரண்டாம் அறுவைக்குப் போக வேண்டியிருக்கும். "பல் சிகிச்சை முடிந்தது" என்று குழு சொன்னால், எத்தனை பல் எடுத்தார்கள், எடுத்த பின் எக்ஸ்ரே உண்டா என்று கேளுங்கள்.

சிகிச்சைக்குப் பதிலாக மாதம் ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டே ஓட்டிய பூனைகளும் தத்துக்கு வருகின்றன. ஊசி போட்ட இரண்டு மூன்று வாரத்துக்கு ஈறு வெளிறி, பூனை நன்றாகச் சாப்பிடும். வீட்டுக்கு வந்த நான்காம் வாரம் மறுபடி எச்சில் ஒழுகும். ஏற்கெனவே எதிர்ப்பாற்றல் குறைந்த பூனைக்கு ஸ்டீராய்டைத் தொடர்ந்து கொடுப்பது நல்லதும் அல்ல. எனவே கடைசி ஊசி எப்போது என்ற கேள்வியை விட்டுவிடாதீர்கள்.

இந்தப் பகுதியில் சேவைக்கு நாங்கள் தரும் மதிப்பெண் குறைவுதான். தத்துக் கட்டணத்தில் கருத்தடை, தடுப்பூசி, மைக்ரோசிப் அடங்கும் என்று எழுதுகிறார்கள். வாயைப் பற்றிய ஒரு வரி இல்லை. எல்லாக் குழுக்களும் ஈறின் படம் ஒன்றைச் சேர்த்துப் போட்டாலே போதும், திரும்பி வரும் பூனைகள் குறையும்.

வீட்டுச் சோதனையும் வலையும்: சேவையின் சிறந்த பகுதி

மீட்பாளர் உங்கள் வீட்டுக்கு வந்து சன்னல்களைப் பார்ப்பார். சிலர் இதை அவமதிப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி நினைக்க வேண்டாம். எஃப்.ஐ.வி. பூனை வெளியே போனால் இரண்டு இழப்பு: அது புதிய நோய்களைப் பிடிக்கும், புளோக்கின் மற்றப் பூனைகளைக் கடித்துத் தொற்றையும் பரப்பும். பன்னிரண்டாம் மாடியிலிருந்து விழுந்தால் என்னாகும் என்று சொல்லத் தேவையில்லை.

சோதனை செய்பவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் முன்கூட்டியே தயாராகலாம். தள்ளுச் சன்னலும் வெளிப்புறம் திறக்கும் சன்னலும் உள்ள அறைகளில், உள்பக்கக் கிரில்லின் மேல் பி.வி.சி. பூசிய கம்பி வலையைக் கட்டுவது மலிவான முறை. கண்ணி 2.5 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். 10 முதல் 15 சென்டிமீட்டருக்கு ஒரு கேபிள் டை போடுங்கள். வெள்ளை கேபிள் டை இந்த வெயிலில் சீக்கிரம் நொறுங்கிவிடும். வெயில் தாங்கும் கறுப்பு வகையை ஹார்ட்வேர் கடையில் கேட்டு வாங்குங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றையும் விரலால் இழுத்துப் பாருங்கள். காந்தப் பட்டையால் ஒட்டும் கொசுவலை பூனைக்குத் தடுப்பே ஆகாது. நகத்தால் கிழியும், தலையால் முட்டினால் கழன்றுவிடும்.

எஃகு வடங்களால் ஆன, கண்ணுக்குத் தெரியாத கிரில் பார்க்க அழகு, காற்றும் வரும். வடங்களுக்கு இடையே 5 சென்டிமீட்டர் இருந்தால் பெரும்பாலான வளர்ந்த பூனைகள் நுழைய முடியாது, மெலிந்த பூனையும் குட்டியும் நுழையலாம். காலப்போக்கில் வடம் தளரும். இரண்டு வடங்களைக் கையால் விலக்கிப் பாருங்கள். உங்கள் மூடிய கைமுட்டி உள்ளே போனால் பூனையின் தலையும் போகும்.

மறந்துபோகும் இடங்கள் மூன்று. கழிவறையின் மேல்பகுதியில் சாய்ந்து திறக்கும் சன்னல்: இடுக்கில் பூனை சிக்கிக்கொள்ளும். துணி காயப்போடும் இடம்: மூங்கில் கழியை எடுக்கும் அரை நிமிடத்தில் மேடைக்குத் தாவிவிடும். வாசல் இரும்புக் கதவு: கம்பி இடைவெளியை அடியிலிருந்து உச்சிவரை மூட வேண்டும், பாதி உயரத்துக்கு அடைத்தால் மீதியை ஏறிக் கடக்கும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் உறவினர் வந்துபோகும் நாள்களில் கதவு திறந்தே கிடக்கும். அன்று முழுவதும் பூனையை ஒரு படுக்கையறையில் தண்ணீர், மணல்தட்டோடு வைத்துப் பூட்டி, கதவில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

உரிமம்

வீவக வீடுகளில் பூனை வளர்க்க 1989 முதல் இருந்த தடை 2024 செப்டம்பர் 1ஆம் தேதி நீங்கியது. இப்போது ஒரு வீவக வீட்டில் இரண்டு பூனை வரை வைத்துக்கொள்ளலாம். தனியார் வீடுகளில் மூன்று. உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம். பழைய வளர்ப்பாளர்கள் மாறிக்கொள்ள 2026 ஆகஸ்ட் 31 வரை அவகாசம் தரப்பட்டது. முதன்முறை விண்ணப்பிப்பவர் இலவச இணையப் பாடம் ஒன்றை முடிக்க வேண்டும். தேசியப் பூங்காக் கழகத்தின் கீழுள்ள விலங்கு, கால்நடை மருத்துவச் சேவைப் பிரிவின் இணையத்தளத்தில் சிங்பாஸ் மூலம் எல்லாம் முடிந்துவிடும். மீட்பாளரிடமிருந்து 15 இலக்க மைக்ரோசிப் எண்ணை வாங்கி, மருந்தகத்தில் ஸ்கேன் செய்து அதே எண்தானா என்று சரிபாருங்கள். சிப் மீட்பாளர் பெயரிலேயே கிடந்தால், பூனை தொலைந்தால் அழைப்பு உங்களுக்கு வராது.

வீட்டில் ஏற்கெனவே பூனை இருந்தால்

"ஒற்றைப் பூனை வீடு மட்டும்" என்று கறாராகச் சொல்லும் குழுக்களோடு எங்களுக்கு உடன்பாடு பாதிதான். கருத்தடை செய்த, சண்டையிடாத பூனைகள் சேர்ந்து வாழும் வீடுகளில் தொற்று பரவுவது அரிது என்பதை நீண்டகாலக் கவனிப்புகள் காட்டியிருக்கின்றன. ஆபத்து முழுவதும் அறிமுகக் காலத்தில் இருக்கிறது. அவசரப்பட்டு முதல் நாளே முகத்துக்கு முகம் காட்டினால், கடி அன்றே விழும்.

ஒரு வாரம் முதல் இரு வாரம் வரை தனி அறை. படுக்கையறை நல்லது. புதிய வீவக வீடுகளின் தற்காப்பு அறையில் வைக்காதீர்கள். காற்றோட்டம் போதாது, இரும்புக் கதவில் வால் மாட்டினால் துண்டாகிவிடும். அடுத்த கட்டம், மூடிய கதவின் இருபுறமும் உணவு. கிண்ணங்களை நாளுக்குச் சிறிது சிறிதாகக் கதவருகே நகர்த்துங்கள். துண்டைத் தேய்த்து ஒன்றின் வாசனையை மற்றதன் படுக்கையில் வையுங்கள். இரண்டும் கதவோரம் நிதானமாகச் சாப்பிட்டால், குழந்தைகளுக்கான தடுப்புக் கதவில் வலை கட்டி, ஐந்து நிமிடம் பார்க்க விடுங்கள். காது பின்னால் மடங்கி, கண் இமைக்காமல் முறைத்தால் ஒரு கட்டம் பின்னால் போக வேண்டும். மணல்தட்டு பூனை எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக, வெவ்வேறு மூலைகளில். மூன்று மாதம் ஆகியும் சண்டை தீரவில்லை என்றால், அந்த இணை சேராது என்று ஏற்றுக்கொண்டு குழுவிடம் பேசுங்கள். பல குழுக்கள் முதல் இரண்டு வாரத்தை முன்னோட்டமாக வைத்துக்கொள்ளச் சம்மதிக்கின்றன. ஒரு மாதமாக நீட்டிக் கேளுங்கள். இரண்டு பூனைகள் பழக இரண்டு வாரம் போதாது.

சாப்பாடும் மருந்தும்

பச்சை இறைச்சி, பச்சை மீன் கூடவே கூடாது. எதிர்ப்பாற்றல் குறைந்த உடலுக்குச் சால்மொனெல்லா பாக்டீரியாவும் டாக்சோபிளாஸ்மா ஒட்டுண்ணியும் பெரிய சுமை. மணலில் கிடக்கும் கழிவைத் தினமும் அள்ளிவிடுங்கள். டாக்சோபிளாஸ்மா முட்டைகள் தொற்றும் நிலையை அடைய ஒரு நாளுக்கு மேல் ஆகும், அதற்குள் அகற்றிவிட்டால் வீட்டினருக்கும் கவலையில்லை.

கடையில் வாங்கும் 80, 85 கிராம் டின்களில் ஒரு பொறி இருக்கிறது. தண்ணீரில் சூரை மீன் என்று மலிவாகக் கிடைப்பவற்றில் பல, துணை உணவு மட்டுமே. தினசரி அதையே கொடுத்தால் டாரின் முதலிய சத்துகள் போதாது. முழுமையான, சமச்சீர் உணவு என்று சீட்டில் இருக்க வேண்டும். 4 கிலோ பூனைக்கு நாளொன்றுக்குச் சுமார் 200 கலோரி தேவை. நம் வீட்டு மீன் குழம்புச் சோற்றை அன்பாக வைப்பவர்கள் உண்டு. அதிலுள்ள வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும்; எஃப்.ஐ.வி. பூனைக்கு ரத்தசோகை ஏற்கெனவே எட்டிப்பார்க்கும் ஒன்று. உப்பு, மசாலா சேர்க்காமல் வேகவைத்த கோழித்துண்டு போதும்.

உண்ணியும் தெள்ளும் இங்கே ஆண்டு முழுவதும் உண்டு. தெள்ளு கடித்தால் ரத்த அணுவில் ஒட்டும் மைகோபிளாஸ்மா கிருமி வரலாம், இந்தப் பூனைகளை அது பலமாகச் சாய்க்கும். வீட்டுக்குள்ளேயே இருக்கிறதே என்று மாதாந்திரக் கழுத்துச் சொட்டு மருந்தை நிறுத்திவிட வேண்டாம். நாய்க்கான மருந்தைப் பாதியாக்கிப் போடாதீர்கள். அவற்றில் பலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு விஷம். பனடோல் ஒரு மாத்திரை போதும், பூனை இறக்க.

படர்தாமரை வந்தால், மருத்துவரிடம் எஃப்.ஐ.வி. என்று நினைவுபடுத்துங்கள். க்ரிசியோஃபல்வின் மருந்து இப்பூனைகளின் வெள்ளை அணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும்; வேறு மருந்து இருக்கிறது. மூக்கிலோ காலிலோ ஆறாத முடிச்சுப் புண் இருந்தால் கையுறை போட்டுத் தொடுங்கள். நம் வட்டாரத் தெருப்பூனைகளில் காணப்படும் ஸ்போரோதிரிக்ஸ் பூஞ்சையாக இருக்கலாம். எஃப்.ஐ.வி. நமக்குத் தொற்றாது, ஆனால் அந்தப் பூஞ்சை கீறல் வழியாகத் தொற்றும். மீட்பாளர் "பழைய சண்டைக் காயம்" என்று சொன்னாலும், ஒரு மாதமாக ஆறாத காயம் என்றால் சோதித்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

எதிர்ப்பாற்றலைக் கூட்டும் என்று விற்கும் பொடிகள், சிரப்புகளில் பணத்தைக் கொட்ட வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. கிருமியை உடலிலிருந்து நீக்கும் பொருள் எதுவும் கிடையாது. அந்தப் பணத்தில் ஒரு குழந்தை எடைத்தராசு வாங்குங்கள். வாரம் ஒருமுறை, அதே நாள், அதே நேரம் நிறுத்து எழுதிவையுங்கள். 4 கிலோ பூனை 200 கிராம் இழந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். கண்ணுக்கு அந்த இழப்பு தெரியவே தெரியாது. ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். பட்டினி நீண்டால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். காய்ச்சல் என்றால் 39.2 டிகிரி செல்சியஸுக்கு மேல்.

செலவு

ஆறு மாதத்துக்கு ஒரு முழுப் பரிசோதனையை முன்கூட்டியே கணக்கில் வையுங்கள்: எடை, வாய், நிணநீர் முடிச்சு, கண். ஆண்டுக்கு ஒருமுறையாவது ரத்த அணு எண்ணிக்கை, சிறுநீரக, கல்லீரல் அளவுகள், சிறுநீர். மருந்தகக் கட்டணத்தில் 9% பொருள், சேவை வரியும் சேரும். செல்லப்பிராணிக் காப்புறுதி பொதுவாக ஏற்கெனவே உள்ள நோயை ஏற்காது, எஃப்.ஐ.வி.யும் அதன் விளைவுகளும் விலக்கப்படும். காலில் அடி, விஷம் போன்றவற்றுக்கு மட்டும் எடுப்பதா என்று ஒப்பந்தத்தைப் படித்து முடிவெடுங்கள். எங்கள் யோசனை, சந்தாப் பணத்தைத் தனிக் கணக்கில் மாதாமாதம் போடுவது. வாய் அறுவை ஒன்று வந்தால் கைகொடுக்கும். எம்ஆர்டியிலும் பேருந்திலும் பூனையை ஏற்ற முடியாது, எனவே கிராப் செல்லப்பிராணி வண்டிக் கட்டணமும் ஒவ்வொரு மருத்துவப் பயணத்தோடு சேர்ந்து வரும். மேல்மூடி திறக்கும் கூடை வாங்குங்கள். பல்வலி உள்ள பூனையை முன்கதவு வழியாக இழுத்தால் கடிபடுவது நீங்கள்.

யாருக்கு ஏற்ற சேவை

பகலில் யாராவது வீட்டில் இருக்கும் குடும்பம், முதியவர்கள், வேறு பூனை இல்லாத தம்பதியர்: இவர்களுக்கு நடுவயது எஃப்.ஐ.வி. கடுவனைப் போல் ஒத்துப்போகும் பூனை குறைவு. குட்டிச் சேட்டை முடிந்துவிட்டது, வெளி வாழ்க்கையின் அலைச்சலும் போதும் என்றாகிவிட்டது. வெயில் விழும் சன்னலோரமும் நேரத்துக்குச் சாப்பாடும் அதற்குப் போதும். வீட்டில் சண்டைக்காரப் பூனை இருந்தாலோ, சன்னலுக்கு வலை கட்ட வீட்டு உரிமையாளர் ஒப்பாத வாடகை வீடு என்றாலோ இப்போது வேண்டாம்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் கடைசியாக ஒரு பத்தியைத் தேடுங்கள்: வளர்க்க முடியாமல் போனால் பூனை யாரிடம் திரும்பும்? நல்ல குழு, எத்தனை ஆண்டு கழித்தும் தாங்களே திரும்பப் பெறுவோம் என்று எழுதித் தரும். எஃப்.ஐ.வி. பூனைக்கு அடுத்த வீடு கிடைப்பது கடினம் என்பதால் அந்த வாக்கியம் இல்லாத ஒப்பந்தத்தை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். அது இல்லையென்றால் கையால் எழுதச் சொல்லி, இரு தரப்பும் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, ஒரு நகலைப் பூனையின் சோதனைத் தாளோடு அதே உறையில் வைத்துக்கொள்ளுங்கள்.